பெனொக்சுலம் அடித்தும் நெற்சப்பி சாகவில்லை

கேள்வி: தென்மராட்சியில் 12 பரப்பு வயல், புழுதி விதைப்பு. நாலு காலபோகமாகப் பிஸ்பைரிபக் சோடியம் என்ற களைகொல்லி அடித்தேன். போனமுறை நெல்லைப் போலவே தெரியும் நெற்சப்பிக் களை பாதி தப்பியது. இம்முறை கடையில் சொன்னபடி பெனொக்சுலத்துக்கு மாறினேன், அதற்கும் அசையவில்லை. அளவைக் கூட்டி அடிக்கலாமா ஐயா?

பதில்: கூட்ட வேண்டாம். நெல்தான் மஞ்சளிக்கும்.

முதலில் எது தப்பியது என்று பாருங்கள். ஒரு பட்டையில் எல்லாக் களையும் நின்றால் நொசில் அடைப்பு, அல்லது நடை பிசகு. கோரை செத்து, நெற்சப்பியிலும் ஒன்று கருகிக் கிடக்க அதற்குப் பக்கத்தில் இன்னொன்று பச்சையாக நின்றால்தான் எதிர்ப்புத்தன்மையை, அதாவது மருந்துக்குச் சாகாத குணத்தை, சந்தேகிக்கவேணும்.

மருந்து களையைப் பழக்குவதில்லை. வயலில் முளைக்கிற எண்ணற்ற பூண்டுகளில் ஒன்றிரண்டு பிறவியிலேயே வித்தியாசமானவை. பிஸ்பைரிபக், பூண்டு சில அமினோ அமிலங்களைச் செய்துகொள்ளும் ஒரு நொதியத்தைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த நொதியத்தின் உருவம் சற்று மாறியிருந்தால் மருந்து ஒட்டாது. வேறு சில பூண்டுகள் மருந்தை உள்ளேயே சிதைத்துவிடும். நெல் தப்புவதும் இப்படித்தான். புறப்பனில் என்ற களைகொல்லியை நெல் எந்த நொதியத்தால் சிதைக்கிறதோ அதைத் தானும் பெருக்கிக்கொண்ட நெற்சப்பி உண்டு. புறப்பனிலுக்குச் சாகாத நெற்சப்பி இலங்கை வயல்களிலும் பதிவாகியிருக்கிறது. மற்றவை செத்த இடத்தில் தப்பியது ஆயிரக்கணக்கில் விதைத்து, அரிவிவெட்டுக்கு முன்னரே கொட்டிவிடும்.

பெனொக்சுலம் பிடிப்பதும் அதே நொதியத்தைத்தான். போத்தல் மாறியதே தவிர மருந்தின் வேலை மாறவில்லை.

இன்னொன்று, பரப்புக் கணக்கு. நெற்பரப்பு என்றால் 24 பரப்பு ஒரு ஏக்கர். வரகுப் பரப்பென்றால் 16. உங்கள் 12 பரப்பை அரை ஏக்கரென்று மருந்து கலந்து, அது உண்மையில் முக்கால் ஏக்கராக இருந்தால் மூன்றிலொரு பங்கு மருந்து குறைந்துவிட்டது. குறைந்த அளவில், கொஞ்சம் சிதைக்கத் தெரிந்த பூண்டும் பிழைத்துக்கொள்ளும். காணி உறுதியை எடுத்துப் பாருங்கள். பிறகு 10 மீற்றருக்கு 10 மீற்றர் அளந்து, வழமையான நடையில் வெறும் தண்ணீரை அடியுங்கள். செலவான லீற்றரை 40 ஆல் பெருக்கினால் ஏக்கருக்குத் தேவையான தண்ணீர் வரும். மருந்தை மூடியால் மட்டுக்கட்டாமல் அளவுக் குவளையால் எடுங்கள்.

இந்தப் போகத்துக்குக் கைக்களைதான். கூலி கடிக்கும், ஆனாலும் கதிர் முற்றமுன் பிடுங்கி வயலுக்கு வெளியே போடுங்கள். நெல்லோடு மாறினால் இலை தண்டைப் பிடிக்கும் மூட்டை விரித்துப் பாருங்கள்: நெல்லில் வெள்ளைச் சவ்வு நாக்குப்போல நிற்கும், நெற்சப்பியில் அந்த இடம் மொட்டை.

அடுத்தமுறை முதல் மழைக்கு முளைக்கவிட்டு, 10 - 14 நாளில் மேலாக உழுது, பிறகு விதையுங்கள். ஆழ உழுதால் கீழே கிடக்கிற விதை மேலே வரும். விதைநெல்லைத் தூற்றிப் புடைத்தெடுங்கள். மருந்து வேண்டுமென்றால் மெற்றமிபொப் போல வேறு நொதியத்தைப் பிடிப்பதை, நெற்சப்பி 2 - 3 இலையில் நிற்கும்போது, மண் ஈரத்தில், லேபிள் அளவில் அடிக்கலாம். சிதைக்கும் வகையென்றால் அதற்கும் தப்பக்கூடும். ஆகவே ஒரு பரப்பில் அடித்துப் பார்த்துவிட்டு மிச்சத்துக்குப் போங்கள். இப்போது பதிவில் உள்ளவை எவையென்று விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள்.

வெட்டு மெசின் வரம்பேறமுன் அதன் சல்லடையையும் சங்கிலியையும் தட்டித் துப்புரவாக்கச் சொல்லுங்கள். அடுத்தவன் வயல் நெற்சப்பி அதில்தான் ஏறிவரும்.