ஒயர் மாட்டுகிற வேலைக்கு மகளை அனுப்பலாமா?

கேள்வி: என் மகள் எம்.எஸ்சி. உளவியல் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில், மூளை ஆராய்ச்சி செய்கிற ஆய்வகத்தில் பிராஜெக்ட் அசோசியேட் வேலை கிடைத்திருக்கிறது. ஒரு வருட காண்ட்ராக்ட். 'காக்னிட்டிவ் நியூரோசயின்ஸ் லேப்' என்கிறாள். ஆட்களின் தலையில் ஒயர் மாட்டுவார்களாம். கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஷாக் கொடுக்கிற இடமா அது? பக்கத்து வீட்டில் "கீழ்ப்பாக்கத்துக்கா அனுப்புறீங்க?" என்று சிரிக்கிறார்கள். அவள் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். "ஒரு வருஷத்துல வீட்டுக்கு அனுப்புற வேலை எதுக்கு, பேங்க் பரீட்சைக்குப் படிக்கட்டும்" என்கிறார். அங்கே யார் யார் இருப்பார்கள், என்னதான் செய்வார்கள், இவளுக்கு அதனால் என்ன கிடைக்கும்?
ஒரு தாய், புதுவண்ணாரப்பேட்டை

பதில்: அம்மா, ஷாக் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அந்த ஒயர்கள் மின்சாரத்தை உள்ளே அனுப்புவதில்லை. மூளையில் உண்டாகித் தலைத்தோல் வரை வந்து சேருகிற மின்சாரத்தை அளக்கின்றன, அவ்வளவுதான். டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பதால் நமக்கு என்ன ஆகிறது? அந்த மாதிரிதான் இதுவும். ஈ.ஈ.ஜி. என்று பெயர். ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மன் மனநல மருத்துவர் 1924-ல் முதன்முதலாக மனிதரிடம் இதைப் பதிவு செய்து, 1929-ல் கட்டுரையாக வெளியிட்டார். எவ்வளவு மின்சாரம் என்று கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். டிவி ரிமோட்டில் போடுகிற பேட்டரி 1.5 வோல்ட். தலையில் கிடைப்பது சில பத்து மைக்ரோவோல்ட். 50 என்று வைத்துக்கொண்டால், அந்தப் பேட்டரியில் 30,000-ல் ஒரு பங்கு. கண்ணைச் சிமிட்டினால் வருகிற சிக்னலே அதைவிடப் பெரியது.

வேறு கருவிகளும் சில ஆய்வகங்களில் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு கிடையாது. ஆனால் அதன் காந்தம் மிகவும் பலமானது, ஸ்கேன் எடுக்காத நேரத்திலும் அது அணைவதில்லை. அதனால் தாலிச் சங்கிலியில் மாட்டியிருக்கும் சேஃப்டி பின் வரைக்கும் கேட்டுக் கேட்டுக் கழற்ற வைப்பார்கள். டி.எம்.எஸ். என்று ஒன்று இருக்கிறது. 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உருவானது, காந்தத் துடிப்பால் மூளையின் ஒரு பகுதியைச் சற்று நேரம் தூண்டுவது. உண்மையிலேயே உள்ளே ஏதாவது அனுப்புகிற கருவி என்றால் இந்த வகைதான். வலிப்பு நோய் உள்ளவர்களைப் பொதுவாக இதில் சேர்ப்பதில்லை. இயக்குகிறவருக்குத் தனிப் பயிற்சி வேண்டும். உங்கள் மகள் போகிற இடத்தில் இது இருக்கிறதா என்று அவளையே கேளுங்கள். பெரும்பாலும் ஈ.ஈ.ஜி.யோடு முடிந்துவிடும்.

கீழ்ப்பாக்கம் என்று சிரிக்கிறவர்களுக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. மனநல மருத்துவமனையில் வேலை செய்வதிலும் சிரிக்க ஒன்றும் இல்லை. ஆனால் இது சிகிச்சை நடக்கிற இடமே இல்லை. நல்லா இருக்கிற நம்மைப் போன்றவர்கள் எப்படிக் கவனிக்கிறோம், எப்படி நினைவு வைக்கிறோம், எப்படிப் படிக்கிறோம் என்று பார்க்கிற இடம். 'சிவப்பு' என்ற சொல்லை நீல மையில் எழுதிக் காட்டி, சொல்லைப் படிக்காதே, மையின் நிறத்தை மட்டும் சொல் என்று கேட்டால் வாய் தடுமாறும். ஸ்ட்ரூப் என்பவர் 1935-ல் கட்டுரையாக எழுதிய சோதனை, இன்றைக்கும் ஆய்வகங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தடுமாற்றத்தின்போது மூளையில் எப்போது என்ன நடக்கிறது என்பது போன்ற கேள்விதான் இவர்கள் தொழில். 'காக்னிட்டிவ் நியூரோசயின்ஸ்' என்ற துறைப் பெயரே 1970-களின் கடைசியில் நியூயார்க்கில் ஒரு டாக்ஸியில் போகும்போது காசானிகா, மில்லர் என்ற இரண்டு பேராசிரியர்கள் பேசிப் பிடித்தது என்பார்கள்.

சரி, யார் யார் இருப்பார்கள்?

பேராசிரியர் இருப்பார், ஆனால் ஆய்வகத்தில் குறைவாகக் கண்ணில் படுகிறவர் அவர்தான். வகுப்பு எடுப்பார், நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவார், கமிட்டிகளில் உட்காருவார். பி.எச்டி. முடித்த போஸ்ட்டாக் ஒருவர் இருக்கலாம். அவரும் உங்கள் மகளைப் போலக் காண்ட்ராக்ட்தான், அடுத்த வேலையைத் தேடிக்கொண்டே இந்த வேலையைச் செய்வார். பி.எச்டி. மாணவர்கள் மூன்று நான்கு பேர். உங்கள் மகளுக்கு நிஜமான வாத்தியார் இவர்கள்தான். கருவி மக்கர் செய்தால் சரிபார்க்க எலெக்ட்ரானிக்ஸ் படித்த ஒருவர் இருந்தால் அந்த ஆய்வகம் கொடுத்து வைத்தது. விடுமுறையில் வந்து போகிற இன்டர்ன்கள் உண்டு. அப்புறம் துறை அலுவலக கிளார்க். தலையில் விடுகிற ஜெல் தீர்ந்துபோனால் வாங்குவதற்கும், சம்பள பில் நகர்வதற்கும் அவர் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல் வாரமே அவரைப் பார்த்து வணக்கம் சொல்லிவைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மகளின் வேலையில் பாதி, தலைமுடியோடு மல்லுக்கட்டுவது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சோதனைக்கு வருகிறவர் முந்தின நாளே தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வர வேண்டும். நம் ஊரில் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். 'கொஞ்சமாத்தான் வச்சேன்' என்று பளபளக்கும் தலையோடு வந்து நிற்பார்கள். பூவை எடுக்க வேண்டும், ஹேர்பின்னைக் கழற்ற வேண்டும், பின்னலைப் பிரிக்க வேண்டும். இன்ச் டேப்பால் மூக்கின் மேல் பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடு வரைக்கும் அளந்து, சிக்னலை எடுக்கிற எலெக்ட்ரோடுகள் பொருத்துகிற தொப்பியை, அதாவது 'கேப்'பை மாட்ட வேண்டும். எந்த எலெக்ட்ரோடு எங்கே வர வேண்டும் என்பதற்கு 1958-லிருந்து உலகம் முழுக்க ஒரே அளவுமுறை இருக்கிறது. பிறகு ஒவ்வொரு ஓட்டையிலும் முடியை ஒதுக்கி ஜெல் விட வேண்டும். சிரிஞ்சைப் பார்த்ததும் சிலர் எழுந்துவிடுவார்கள். முனை மழுங்கியது, குத்தாது என்று கையில் வைத்துக் காட்ட வேண்டும். இதெல்லாம் முடிய அரை மணி, முக்கால் மணி ஆகும். அதற்குப் பிறகு திரையைப் பார்த்தால் எல்லாக் கோட்டிலும் ஒரே இரைச்சல். நம் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் அதில் ஏறியிருக்கும். எந்த சார்ஜர், எந்த ட்யூப்லைட் என்று தேட வேண்டும். எல்லாம் முடிந்து ஆள் தலை கழுவிக்கொண்டு போன பிறகு கேப்பைக் கழுவிக் காயப் போடுவதும் இவள்தான்.

இந்த வேலையில் ஒருத்தி தேறினாளா இல்லையா என்று எனக்குச் சொல்வது அவள் படித்த புத்தகங்கள் இல்லை. வந்தவர் பயப்படாமல் உட்கார்ந்தாரா என்பதுதான். இங்கேதான் புதுவண்ணாரப்பேட்டைப் பெண்ணுக்கு ஒரு சாதகம் இருக்கிறது, அது அவளுக்கே தெரியாமல் இருக்கலாம். மனித மனத்தைப் பற்றிய ஆராய்ச்சிகள் பெரும்பாலும் பணக்கார மேல்நாடுகளில் படித்தவர்களை, அதிலும் கல்லூரி மாணவர்களை வைத்தே நடந்திருக்கின்றன என்று 2010-ல் ஹென்ரிக் என்பவரும் இன்னும் இரண்டு பேரும் எழுதிய கட்டுரை பெரிய விவாதத்தைக் கிளப்பியது. நம் பல்கலைக்கழகங்களிலும் கிடைக்கிற ஆள் பக்கத்து வகுப்பு மாணவன்தான். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போகிறவர், நாள் முழுக்கக் கண்ணால் தூரம் அளந்து கிரேன் ஓட்டுகிற உங்கள் வீட்டுக்காரர், இவர்களெல்லாம் ஆய்வகப் படி ஏறுவதே இல்லை. அவர்களைக் கூப்பிட்டு, ஒப்புதல் படிவத்தில் இருப்பதைப் பேச்சுத் தமிழில் சொல்லி, 'பிடிக்கலன்னா பாதியிலேயே எழுந்து போகலாம், ஏன்னு யாரும் கேட்கமாட்டாங்க' என்று நம்ப வைக்க ஒரு ஆள் வேண்டும். அப்படிச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது விதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளில் இது தெளிவாக இருக்கிறது. நெறிமுறைக் குழு அனுமதிக்காமல் ஒரு தலையிலும் கேப் மாட்ட முடியாது.

வேலையின் மறுபாதி கம்ப்யூட்டர். பதிவான டேட்டாவில் கண் சிமிட்டல், தாடை அசைவு எல்லாவற்றையும் பிரித்தெடுத்துவிட்டு மிச்சத்தைக் கணக்குப் போட வேண்டும். அதற்கு மேட்லாப் அல்லது பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழி தெரிய வேண்டும், புள்ளியியல் தெரிய வேண்டும். உளவியல் படித்து வருகிற பிள்ளைகள் திணறுவது இங்கேதான். ஒரு வருடம் முழுக்க ஜெல் விட்டுவிட்டு, புரோகிராம் எழுதக் கற்காமல் வெளியே வந்தால் உங்கள் வீட்டுக்காரர் சொல்வது சரியாகிவிடும். கற்றுக்கொண்டு வந்தால் கதை வேறு.

அதனால் ஆய்வகத்தில் என்ன கருவி இருக்கிறது என்று விசாரிக்காதீர்கள், ஆட்களை விசாரியுங்கள். போன வருடம் இதே வேலையில் இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார்? டேட்டாவை அவர் கையில் கொடுத்தார்களா, சேகரித்துத் தந்ததோடு சரியா? ஆராய்ச்சிக் கட்டுரையில் அவர் பெயர் வந்ததா? சீனியர்கள் சொல்லிக்கொடுப்பார்களா, இல்லை டீ வாங்கிவர அனுப்புவார்களா? மகளே அந்தப் பழைய ஆளைப் போனில் பிடித்துக் கேட்கட்டும். பேராசிரியரிடமே நம்பர் கேட்கலாம், நல்ல இடத்தில் தயங்காமல் கொடுப்பார்கள். மாலையில் தனியாக இருந்து சோதனை நடத்த வேண்டியிருக்குமா என்பதையும் கேட்கட்டும். வகுப்பு முடிந்த பிறகுதான் மாணவர்கள் வருவார்கள், இருட்டிவிடும். இரண்டு பேராக இருப்பதுதான் முறை. 2013 சட்டப்படி பாலியல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இருக்க வேண்டும், அதில் யார் யார் என்று சேரும்போதே தெரிந்துகொள்வது நல்லது. வீடு திரும்ப, 2021-லிருந்து மெட்ரோ உங்கள் பகுதி வழியாக விம்கோ நகர் வரைக்கும் வருகிறது, அந்தக் கவலை கொஞ்சம் குறைவு.

பண விஷயம். இது நிரந்தர வேலை ஆகாது, ஆகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திட்ட நிதி முடிந்தால் வேலையும் முடியும். நிதி வருவது தள்ளிப்போனால் சம்பளமும் தள்ளிப்போகும், சில சமயம் மாதக்கணக்கில். அவள் சம்பளத்தை நம்பிச் சீட்டுப் போட்டுவிடாதீர்கள். யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்கிவிட்டால் நிலைமை மாறும். அந்த உதவித்தொகை 2023-ல் மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்தது, பி.எச்டி. சேர்ந்ததும் கிடைக்கும். ஆய்வகத்தில் இருந்துகொண்டே அதற்குப் படிக்கலாம், கூட இருக்கிறவர்களும் அதற்குத்தான் படித்துக்கொண்டிருப்பார்கள். அலகாபாத், ஹைதராபாத் பல்கலைக்கழகங்கள், கான்பூர், காந்திநகர் ஐ.ஐ.டி.க்கள், பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் நிறுவனம் என்று இந்தத் துறைக்கு நல்ல இடங்கள் இருக்கின்றன. இங்கே சென்னை ஐ.ஐ.டி.யில் 2022-ல் தொடங்கிய மூளை மையம் வேறு ரகம். அங்கே மூளையை மெல்லிய சீவல்களாக்கிப் படமெடுக்கிறார்கள். மகள் போகிற இடத்தில் அதெல்லாம் கிடையாது, பயப்பட வேண்டாம்.

ஒன்றை மட்டும் அவளிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். அவள் மனதில் இருப்பது ஆராய்ச்சியா, இல்லை ஆட்களுக்கு ஆலோசனை சொல்லிச் சிகிச்சை தருவதா? இரண்டாவது என்றால் இந்த ஆய்வகம் வழியில்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆவதற்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த படிப்பு தனியாக இருக்கிறது, அதில் சேர்வதுதான் சரி. ஆராய்ச்சி என்றால் தாராளமாக அனுப்புங்கள்.

அவள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: வங்கித் தேர்வுகளை நடத்துகிற ஐ.பி.பி.எஸ். அமைப்பு அதிகாரி தேர்வுக்கு வைத்திருக்கும் வயது வரம்பு 30, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அதற்கு மேலும் சலுகை உண்டு. எம்.எஸ்சி. இப்போதுதான் முடித்தவளுக்கு ஒரு வருடம் போனாலும் அந்தக் கதவு மூடாது. சேருவதற்கு முன்னால் ஆர்டரில் காண்ட்ராக்ட் தேதி, மாதச் சம்பளம், வீட்டு வாடகைப் படி (எச்.ஆர்.ஏ.) உண்டா இல்லையா, முடியும்போது அனுபவச் சான்றிதழ் தருவார்களா என்பதைப் பார்த்துவிட்டு அவள் கையெழுத்துப் போடட்டும்.