சிகாகோவின் மரக் கேலரிகள்

அன்புள்ள ஐயா,

மகள் வீட்டுக்குச் சிகாகோ போயிருந்தபோது மருமகன் ரிக்லி ஃபீல்டுக்கு பேஸ்பால் பார்க்க அழைத்துப்போனார். ஆட்டம் பாதிக்கு மேல் புரியவில்லை. 1914இல் கட்டிய மைதானம் என்று பெருமையாகச் சொன்னார். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஊரில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடியிருக்கிறார்களாம். அப்படியானால் அந்தப் பழைய மைதானங்கள் எங்கே? ஒன்றைக்கூட ஏன் விட்டுவைக்கவில்லை?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

விட்டுவைக்கும்படி அவர்கள் எதையும் கட்டவில்லை. அன்றைய மைதானம் என்றால் பெரும்பாலும் அடுத்தவர் நிலம், பலகை வேலி, மரக் கேலரி, அவ்வளவுதான். இடத்தைக் காலி செய்யச் சொன்னால் அடுத்த இடம். அதற்குள் தீப்பிடித்துவிட்டால் பிரிக்கிற வேலையும் மிச்சம்.

ரிக்லியில் ஆடும் இன்றைய கப்ஸ் அணிக்கு அப்போது பெயர் ஒயிட் ஸ்டாக்கிங்ஸ். 1871இல் மிச்சிகன் அவென்யூ பக்கம், ஏரிக்கரையில் மைதானம் போட்டார்கள். அந்த அக்டோபரிலேயே ஊரை எரித்த பெருந்தீயில் அதுவும் போனது. மிச்ச ஆட்டங்களை வெளியூர்களில், இரவல் உடுப்பில் ஆடி முடித்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகள் அணியே இல்லை. 1874இல் 23ஆம் தெருவில் மறுபடி தொடங்கி, 1878இல் ஏரிக்கரைக்கே திரும்பினார்கள். அனிஷ் கபூரின் பளபளக்கும் சிற்பம் நிற்கிறதே, அந்த மில்லேனியம் பூங்கா வட்டாரம்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது இந்த மைதானம். இடப்பக்க வேலி 180 அடி, வலப்பக்கம் 196 அடி. ரிக்லியில் இரண்டுமே 350க்கு மேல். தட்டிவிட்டாலே பந்து வெளியே போய்விடும் என்பதால், வேலி தாண்டினால் இரண்டு பேஸ் மட்டும், அதாவது அடித்தவர் சுற்றி ஓடவேண்டிய நான்கு முனைகளில் பாதிதான், என்று விதி வைத்திருந்தார்கள். நம் தெரு கிரிக்கெட்டில் எதிர்வீட்டு மாடிக்குப் போனால் இரண்டே ரன் என்போமே, அதே நியாயம். 1884இல் அந்த விதியை எடுத்துவிட்டு, நான்கு முனையும் சுற்றி வரும் ஹோம் ரன் என்றார்கள். முந்தைய ஆண்டு 2 ஹோம் ரன் அடித்திருந்த அந்த அணியின் நெட் வில்லியம்சன் அந்த ஆண்டு 27 அடித்தார். அதில் 25 சொந்த மைதானத்தில்! அடுத்த ஆண்டு வேறு மைதானம், வெறும் 3. ஆனாலும் அந்த 27ஐத் தாண்ட 1919இல் பேப் ரூத் வரவேண்டியிருந்தது. சாதனைப் பட்டியல்களை நான் பாதிதான் நம்புவது இதனால்தான்.

சரி, ஏன் இடம் மாறினார்கள்? அந்த நிலம் மத்திய அரசு நகரத்துக்குக் கொடுத்தது. வணிகத்துக்கு விடக் கூடாது என்பது நிபந்தனை. வழக்கு வந்தது, காலி செய்தார்கள்.

அப்புறம் ஊரின் மேற்குப் பக்கம் இரண்டு மைதானங்கள். இரண்டாவதில் 1894 ஆகஸ்டில் ஆட்டம் நடக்கும்போதே கேலரியில் தீ. ஜனங்கள் ஆடுகளத்துக்குள் இறங்கிவிடக் கூடாதென்று முள்கம்பி கட்டியிருந்தார்கள். ஓடிவந்த கூட்டம் அதில் மோதி நசுங்கியது. ஜிம்மி ரயன், வால்ட் வில்மாட் என்ற ஆட்டக்காரர்கள் மட்டையால் கம்பியை அடித்துப் பிரித்து வழி உண்டாக்கினார்கள். பலருக்குக் காயம். இத்தனைக்குப் பிறகும் 1915 வரை அங்கேதான் ஆடினார்கள். பேஸ்பாலின் உச்சப் போட்டியான உலகத் தொடரை 1907, 1908இல் வென்றபோதும் இதுதான் அவர்களுடைய மைதானம்.

இரும்பும் கான்கிரீட்டும் வந்த பிறகுதான் மைதானங்களுக்கு ஆயுசு கூடியது. சிகாகோவில் முதலில் 1910இல் கொமிஸ்கி பார்க், அடுத்து உங்கள் ரிக்லி. மருமகனிடம் கேட்டுப்பாருங்கள்: அது கப்ஸுக்காகக் கட்டியதே அல்ல. சிற்றுண்டிக் கடைகள் நடத்திய சார்லஸ் வீக்மேன் இருந்த பெரிய லீக்குகளுக்கு எதிராகக் கிளம்பிய ஃபெடரல் லீக்கின் அணிக்காகக் கட்டினார். இரண்டே பருவத்தில் லீக் படுத்துவிட்டது. அவர் கப்ஸை வாங்கி 1916இல் அங்கே கொண்டுவந்தார். ரிக்லி என்ற பெயர் 1926இல் வந்தது.

மர மைதானங்களில் நீண்ட நாள் தாக்குப்பிடித்தது தெற்கே 39ஆம் தெருவில் இருந்தது. முதலில் கிரிக்கெட் ஆடிய இடம். 1900 முதல் ஊரின் இன்னொரு அணியான ஒயிட் சாக்ஸ் ஆடியது. அவர்கள் கொமிஸ்கிக்குப் போனதும் ரூப் ஃபாஸ்டரின் கறுப்பின அணியான அமெரிக்கன் ஜயன்ட்ஸ் 1911இல் வந்தது. வெள்ளையர் லீக்குகளில் இடம் மறுக்கப்பட்டவர்களுக்காக 1920இல் நீக்ரோ நேஷனல் லீக்கைத் தொடங்கியவர் ஃபாஸ்டர். 1940 கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்த மைதானமும் எரிந்தது. இப்போது அங்கே வென்ட்வொர்த் கார்டன்ஸ் என்ற குடியிருப்பு. அடுத்த முறை போனால் ரெட் லைன் ரயிலில் சாக்ஸ்-35 நிலையத்தில் இறங்கித் தெற்கே நடங்கள். 39ஆம் தெருவுக்கு இப்போது பெர்ஷிங் சாலை என்று பெயர்.