குழாய்த் தண்ணீர் வந்த பிறகும் ஊர்க் குடிநீர் ஊருணி தேவையா? ஊரே சேர்ந்து அதை மீட்க முடியுமா?

கேள்வி இதுதான்: ஊரில் பழைய குடிநீர் ஊருணி ஒன்று பாழாய்க் கிடக்கிறது, இளைஞர்கள் சேர்ந்து தூர்வார நினைக்கிறார்கள், குழாய் வந்துவிட்ட காலத்தில் இது வீண் வேலையா, செய்தால் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

வீண் வேலை இல்லை. தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் தூர்வாருவதுதான் இதில் சுலபமான பகுதி. அதைப் பெரிதாக நினைத்து மற்றதை விட்ட ஊர்களில், புதிதாய் வெட்டிய ஊருணி சில வருடங்களிலேயே பழையபடி பாசி பிடித்துப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

நான் ராமநாதபுரம் மாவட்டம், முதுகுளத்தூர் பக்கம். எங்கள் மாவட்டத்தில் பெரும்பாலான இடங்களில் நிலத்தடி நீர் உவர். போர் போட்டால் துணி துவைக்கக்கூட ஆகாத தண்ணீர் வரும். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதை ஊருணியில் பிடித்து, அடுத்த மழை வரை குடித்துப் பிழைத்த ஊர்கள் எங்களுடையவை. இப்போது திருச்சிப் பக்கம் காவிரியில் எடுக்கிற தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் எங்கள் வரைக்கும் வருகிறது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், பெண்களின் எத்தனையோ மைல் நடையை அது மிச்சப்படுத்தியிருக்கிறது. ஆனால் அவ்வளவு தூரம் வரும் குழாய் நடுவில் எங்கே உடைந்தாலும் கடைசி ஊர்களுக்கு வாரக்கணக்கில் தண்ணீர் இல்லை. அப்போது தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பக்கத்து ஊருக்கு ஓட வேண்டும், இல்லையென்றால் டிராக்டர்காரரிடம் குடம் 10 ரூபாய்க்கு வாங்க வேண்டும். ஊருணி உயிரோடு இருக்கிற ஊரில் அந்த வாரங்கள் சத்தமில்லாமல் கழிந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கர் ஊருணி, 2 மீட்டர் ஆழம் என்றால் ஏறக்குறைய 80 லட்சம் லிட்டர். வெயிலும் கசிவும் பாதியைக் கொண்டுபோய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்க் கோடையில் ஆவியாகவே நிறையப் போகும். மீதி 40 லட்சம். 200 வீடு, குடிக்கவும் சமைக்கவும் வீட்டுக்கு நாலு குடம், அதாவது 60 லிட்டர். ஒரு நாளைக்கு 12,000 லிட்டர். 330 நாள் வருகிறது. கரைச் சரிவுக்கு ஒரு மாதத்தைக் கழித்துவிட்டாலும் மழைக்கும் மழைக்கும் நடுவே பெரிய தட்டுப்பாடு வராது. ஒரே ஏக்கரில் இவ்வளவு இருக்கிறது. இந்தக் கணக்கை உங்கள் ஊருணி அளவுக்கு மாற்றிக் கூட்டத்தில் சொல்லுங்கள். "அதெல்லாம் அந்தக் காலம்" என்கிறவர்களும் உட்கார்ந்து கேட்பார்கள்.

இப்போது தோண்டுவது. பொக்லைன் வாடகைக்கு வந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரு வேகம் வந்துவிடும், இன்னும் ரெண்டடி, இன்னும் ரெண்டடி என்று இறக்கிக்கொண்டே போவார்கள். ஊருணி தண்ணீரைத் தாங்குவது அடியில் இருக்கிற களிமண் படுகையால். அதைக் கிழித்துவிட்டால் ஒன்று தண்ணீர் அடிமணலில் இறங்கிவிடும், இல்லையென்றால் கீழே இருக்கிற உவர் மேலே ஏறும். எங்களுக்கு அடுத்த ஊரில் அப்படித்தான் ஆனது. ஆசை ஆசையாய் ஆழமாக வெட்டினார்கள், நல்ல மழை, நிறைந்து நின்றது. பங்குனியில் தண்ணீர் இறங்க இறங்க வாயில் வைக்க முடியாத கரிப்பு. இன்று அது மாடு குளிப்பாட்டும் குளம். அதனால் இயந்திரத்தைக் கூப்பிடுவதற்கு முன்பு, கோடையில் ஊருணி காய்ந்து கிடக்கும்போது, நாலைந்து இடத்தில் கடப்பாரை மண்வெட்டியால் சோதனைக் குழி போட்டுப் பாருங்கள். மேலே கறுப்பாகப் பொடிப்பொடியாக வருவது கரம்பை, அதை எடுக்கலாம், வயலுக்கு நல்ல உரம், விவசாயிகளே வண்டி கொண்டுவந்து அள்ளிக்கொள்வார்கள். அதற்குக் கீழே வழுவழுப்பாக, பிசைந்தால் உருண்டை பிடிக்கிற களி வந்ததும் நிறுத்திவிட வேண்டும். மணலோ வெள்ளைச் சுக்கானோ (சுண்ணாம்புக் கல்) தெரிந்தால் அந்த இடத்தில் களிமண்ணைக் கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். ஊரில் அந்தக் காலத்து மண்வேலை தெரிந்த பெரியவர் ஒருவராவது இருப்பார். அவரை நாற்காலி போட்டுக் கரையில் உட்காரவையுங்கள். அவர் போதும் என்றால் போதும்.

அடுத்தது வரத்துக்கால், அதாவது ஊருணிக்கு மழைநீரைக் கொண்டுவருகிற வாய்க்கால். பெரும்பாலான ஊருணிகள் செத்தது இங்கேதான். ஊருணி அளவு அப்படியே இருக்கும், அதற்குத் தண்ணீர் கொண்டுவருகிற கால் எங்கே என்று தேடினால் சீமைக்கருவேலமும் ஒரு சிமெண்ட் ரோடும் நாலு வீட்டுச் சுற்றுச்சுவரும் இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் நில எல்லைகளைக் காட்டும் புல வரைபடத்தை வாங்கி, கால் எந்த வழியாக வந்தது என்று நடந்து பாருங்கள். ரோட்டுக்கு அடியில் குழாய்ப்பாலம் வேண்டியிருந்தால் அதற்குத்தான் முதலில் மனுக் கொடுக்க வேண்டும். ஆக்கிரமிப்பு இருந்தால் பேசித் தீர்க்கப் பாருங்கள், ஊருக்குள் பகையை வளர்த்துவிட்டு ஊருணியைக் காப்பாற்ற முடியாது. கண்மாயிலிருந்து (பாசன ஏரியிலிருந்து) மடை வழியாக ஊருணிக்குத் தண்ணீர் வருகிறது என்றால் அந்தக் கண்மாய் யார் பொறுப்பு என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ளது நீர்வளத் துறை, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். தவறான அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில் ஒரு மழைக்காலமே போய்விடும்.

வரத்துக்கால் ஊருணிக்குள் நுழைகிற இடத்தில், வண்டல் தங்குவதற்கு ஒரு தொட்டியும், குப்பையைத் தடுக்கக் கம்பி வலையும் கட்டாயம் வையுங்கள். அப்புறம் ஒரு பலகைக் கதவு. முதல் மழை தெருவிலும் மந்தையிலும் கிடக்கிற சாணத்தை எல்லாம் வழித்துக்கொண்டு வரும். எங்கள் ஊரில் அந்தத் தண்ணீரைக் கதவை அடைத்து வெளியே திருப்பிவிட்டு, காலில் தெளிந்து ஓட ஆரம்பித்த பிறகுதான் உள்ளே விடுவோம்.

நான் அதிகம் சொல்ல விரும்புவது தண்ணீர் நிறைந்த பிறகு வருகிற வேலையைத்தான். குடிக்கிற ஊருணி வேறு, குளிக்கிற ஊருணி வேறு என்ற பழைய கட்டுப்பாட்டை மறுபடி கொண்டுவர வேண்டும். சுற்றிலும் வேலி, ஒரே வாசல், செருப்பு வெளியே. குடத்தை உள்ளே விளக்கக் கூடாது, கால் கழுவக் கூடாது. ஆடு மாடு தாண்டக் கூடாது. முளைப்பாரி கரைப்பதும் குளிக்கிற ஊருணியில்தான். இதைச் சாமி காரியம் என்று தயங்காமல் திருவிழாவுக்கு முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள், பெரியவர்கள் புரிந்துகொள்கிறார்கள். மீன்பாசி ஏலம் என்று ஒன்று வரும். ஊர்ப் பொதுவுக்கு வருமானம் என்பார்கள். குடிநீர் ஊருணிக்கு அது வேண்டவே வேண்டாம். ஏலம் எடுத்தவர் மீன் கொழுக்கக் கோழிக்கழிவைக் கொட்டினால் யார் போய் நிறுத்துவது? முடிந்தால் ஊருணிக்கு உள்ளேயே கரையோரம் ஒரு கிணறு இறக்கி, சுற்றிலும் மணல் நிரப்பி, அதிலிருந்து இறைத்துக் குடியுங்கள். படித்துறையில் கலங்கலாக இருக்கிற அதே தண்ணீர் கிணற்றில் தெளிந்து வரும்.

எங்கள் அம்மா இன்றும் மண்பானையின் உட்புறத்தில் தேற்றான்கொட்டையை இழைத்துத்தான் ஊருணித் தண்ணீரை ஊற்றுவார். கையளவு தண்ணீர் தெளித்து, பானைச் சுவரில் வட்டமாகத் தேய்க்கத் தேய்க்க வெண்மையாக ஒரு குழம்பு இறங்கும். அதன்மேல் தண்ணீரை ஊற்றி மூடிவைத்தால் விடியும்போது மண்ணெல்லாம் அடியில் படிந்து மேலே பளிங்கு போல நிற்கும். நல்ல முறைதான், கலங்கலை நன்றாகவே எடுக்கும். ஆனால் கிருமி போய்விட்டது என்று அதை நம்பக் கூடாது. தெளிந்த பிறகு கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும்.

தண்ணீரைச் சோதிக்க வசதி இப்போது ஊருக்குள்ளேயே உண்டு. ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டி கொண்டு சோதிக்கப் பயிற்சி தர வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் ஊரில் அந்த ஐவர் யார் என்று ஊராட்சியில் கேளுங்கள். கிருமிச் சோதனைக்கு ஒரு சின்னப் பாட்டில் வரும். அதில் தண்ணீரைப் பிடித்து மூடி, ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கலப்பு இருந்தால் தண்ணீர் கறுத்துப்போகும். கறுத்த பாட்டிலை ஊர்க்கூட்டத்தின் நடுவில் வைத்துப் பாருங்கள், வேலிக்கு வசூல் தானாக நடக்கும். கூடுதல் சோதனைக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் இருக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர அளவில் 100 மில்லிலிட்டர் தண்ணீரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது, நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வயலோரத்து ஊருணி என்றால் இந்த நைட்ரேட்டைக் கட்டாயம் பாருங்கள், யூரியா அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய ஊர்க்கட்டுப்பாடு என்று நாம் பெருமையாகப் பேசுகிற அதே கட்டுப்பாடுதான், தாழ்த்தப்பட்ட மக்களை நல்ல ஊருணியின் கரைக்கே வரவிடாமல் வைத்திருந்தது. மீட்கிற வேலையில் அவர்கள் தெருவும் சமமாகக் குழுவில் இருக்க வேண்டும், படித்துறை எல்லோருக்கும் ஒன்றே என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் எழுதுங்கள். இதற்கு ஒத்துவராத ஊரில் ஊருணி வேலையைத் தொடங்கவே வேண்டாம் என்பேன். குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும். தண்ணீர் எந்த வாரம் மணம் மாறுகிறது, எந்தப் படி வழுக்குகிறது என்பதெல்லாம் குடம் தூக்குகிறவர்களுக்குத்தான் தெரியும்.

பணத்துக்குப் பல வழி உண்டு. நூறு நாள் வேலையில் வரத்துக்காலைச் சுத்தம் செய்த ஊர்கள் இருக்கின்றன. நமக்கு நாமே திட்டத்தில் ஊர் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தருகிறது. மதுரையில் இருக்கிற தானம் அறக்கட்டளை 1990களிலிருந்து வயலகம் என்ற பெயரில் கண்மாய்ச் சங்கங்களை அமைத்துவருகிறது, எங்கள் மாவட்டத்தில் ஊருணி வேலையும் செய்திருக்கிறார்கள். போய்ப் பேசிப் பாருங்கள். எது எப்படியிருந்தாலும் வருடாவருடம் வீட்டு வரி போல ஒரு சின்னத் தொகை ஊருக்குள்ளேயே வசூலாக வேண்டும். வேலி அறுந்தால் அன்றைக்கே கட்ட அதுதான் உதவும்.

ஊருணி ஊராட்சிச் சொத்து, அதனால் கிராமசபைத் தீர்மானம் இல்லாமல் மண்ணில் கை வைக்காதீர்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று தமிழ்நாட்டில் கிராமசபை கூடுகிறது. அதில் தீர்மானம் போட்டு, சித்திரையில் சோதனைக் குழி போட்டு, வைகாசி ஆனியில் கரம்பை எடுத்து, ஆடி ஆவணியில் கரையை இறுக்கி வரத்துக்காலை முடித்தால், புரட்டாசியில் வேலியையும் பலகைக் கதவையும் வைத்துவிட்டு மழைக்குத் தயாராக இருக்கலாம். சோதனைக் குழி போட்டதும் என்ன மண் வந்தது என்று இங்கேயே எழுதுங்கள், படம் போட்டால் இன்னும் நல்லது. எந்த ஆழத்தில் நிறுத்தலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.