வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து, மாணவர்கள் கற்றதை ஏஐ மூலம் அளக்க முடியுமா?

கேட்டவர் புதுச்சேரியில் இன்ஜினியரிங் இறுதியாண்டு படிக்கிறார். அரசுப் பள்ளியில் பாடம் நடக்கும்போது பதிவு செய்து, அதை எழுத்தாக்கி, பிள்ளைகள் எவ்வளவு கற்றார்கள் என்று ஏஐ வைத்துக் கண்டுபிடிப்பது அவருடைய புராஜெக்ட். நடக்குமா என்கிறார்.

பாதி நடக்கும். ஆசிரியர் எப்படிப் பேசுகிறார் என்பதை அளக்கலாம். பிள்ளைகளுக்கு ஏறியதா என்பதைப் பேச்சை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கடலூர்ப் பக்கம் ஒரு பி.எட். கல்லூரியில் கணிதம் கற்பிக்கும் முறை எடுக்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் மாணவிகளின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்பதுதான் என் பிழைப்பு. அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

யோசனை பழையது. பி.எட். படித்த யாரைக் கேட்டாலும், வகுப்பறைப் பேச்சை வகை பிரித்து அளக்க முறை வகுத்த பிளாண்டர்ஸ் பெயரைச் சொல்வார்கள். அவர் முறைப்படி 3 நொடிக்கு ஒருமுறை வகுப்பில் நடப்பதை 10 வகைகளில் ஒன்றாகக் குறிக்க வேண்டும். ஆசிரியர் பேச்சுக்கு 7 வகை, மாணவர் பேச்சுக்கு 2, மௌனமோ குழப்பமோ என்றால் 1. 40 நிமிட பீரியடுக்கு 800 குறிகள்! பரீட்சையில் எழுதியதோடு எல்லோரும் மறந்துவிடுவதில் ஆச்சரியமே இல்லை. இந்த வேலையைக் கணினி சலிக்காமல் செய்யும்.

அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் செய்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் டோரா டெம்ஸ்கியின் குழு, மாணவர் சொன்ன பதிலை ஆசிரியர் பிடித்துக்கொண்டு மேலே கேட்கிறாரா, "வெரி குட், உட்காரு" என்று நகர்ந்துவிடுகிறாரா என்பதைக் கண்டுபிடிக்கக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தது. 2010 முதல் 2013 வரை பதிவான 4, 5ஆம் வகுப்புக் கணிதப் பாடங்கள் 1,660 எழுத்து வடிவில் வெளியாகியுள்ளன. கவனிக்க வேண்டியது, அந்தப் பாடங்களோடு மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களும் இணைக்கப்பட்டிருக்கின்றன. அந்த இணைப்பு இருப்பதால்தான் அவர்களால் கற்றலைப் பற்றி ஏதாவது சொல்ல முடிகிறது.

சரி, நம் வகுப்புக்கு வருவோம். "மூன்று பக்கமும் சமமா இருந்தா அது சமபக்க முக்கோ..." என்று டீச்சர் இழுப்பார். "...ணம்!" என்று மொத்த வகுப்பும் முடிக்கும். "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது மிஸ்!" இதைக் கணினியிடம் கொடுத்தால் மாணவர்கள் அடிக்கடி வாய் திறக்கும் அருமையான வகுப்பு என்று சொல்லிவிடும். கத்தியதில் முன்வரிசை நாலு பேருக்குத் தெரிந்திருக்கும். மற்றவர்கள் ஒரு நொடி பிந்தி அந்தச் சத்தத்தில் ஏறிக்கொள்கிறவர்கள். பின்னால் உட்கார்ந்து பார்த்தால் உதடு எப்போது அசைகிறது என்பது தெரியும், மைக்குக்குத் தெரியாது. ஆகவே கூட்டாகச் சொல்லும் பதிலைத் தனி வகையாகப் பிரிக்காமல் 'மாணவர் பேச்சு' என்று எதையும் கணக்கு எடுக்காதீர்கள். என்னைக் கேட்டால், இதை மட்டும் ஒழுங்காகப் பிரித்துக் காட்டினாலே நல்ல புராஜெக்ட்.

எழுத்தாக்குவது அடுத்த தலைவலி. பேச்சை எழுத்தாக்கும் ஓபன்ஏஐ நிறுவனத்தின் விஸ்பர் மாடலும் தமிழ் கேட்கும், சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் இந்திய மொழிகளுக்கென்றே மாடல்கள் தந்திருக்கிறது. இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். ஆனால் மின்விசிறி இரைச்சலும், தடுப்புக்கு அந்தப் பக்கம் நடக்கும் வாய்ப்பாடும் சேர்ந்தே பதிவாகும். புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் 2023-24 முதல் உயர் வகுப்புகளும் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. புத்தகம் ஆங்கிலம், விளக்கம் தமிழ். "டினாமினேட்டர் சேமா இருந்தா மேல இருக்கறத மட்டும் ஆட் பண்ணிடலாம்" என்பதுதான் வகுப்பு மொழி. எழுத்தாக்கத்தில் வரும் பிழையைச் சொல் சொல்லாக மட்டும் எண்ணி அளந்தால் நிலைமை உண்மையைவிட மோசமாகத் தெரியும். 'சொல்லிக்கிட்டிருந்தேன்ல' ஒரே சொல், ஓர் எழுத்து பிசகினாலும் முழுச் சொல்லும் தப்பு. எழுத்து அளவில் பிழை விகிதத்தையும் சேர்த்துக் காட்டுங்கள்.

அதனால் சொற்களை விட்டு நேரத்தில் தொடங்கச் சொல்வேன். கேள்வி கேட்டபின் ஆசிரியர் எவ்வளவு காத்திருக்கிறார்? கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே அமெரிக்க அறிவியல் வகுப்புகளில் இதை அளந்தார். சராசரியாக 1 நொடிதான் காத்திருந்தார்கள். அதை 3 நொடி ஆக்கியபோது பதில்கள் நீண்டன, சும்மா இருந்த பிள்ளைகளும் பேசினார்கள். கேள்வி எங்கே முடிகிறது என்பதை மட்டும் நீங்கள் குறித்துக் கொடுத்தால், மிச்சம் மௌனத்தை அளக்கும் வேலைதான். எழுத்தாக்கம் எவ்வளவு சொதப்பினாலும் இது நிற்கும்.

கற்றலுக்கு? பாடம் முடிந்ததும் துண்டுச் சீட்டில் ஒரே ஒரு கணக்கு கொடுங்கள், பெயர் இல்லாமல் எண் போட்டு. ஒரு வாரம் கழித்து அதே மாதிரி இன்னொன்று. அவற்றை வைத்துக்கொண்டு பதிவைப் பார்த்தால்தான் எந்தப் பேச்சு உதவியது என்று யோசிக்கவே முடியும்.

அனுமதி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள், பெற்றோர் சம்மதம் தேவை. பள்ளிக் கல்வி இயக்ககத்திடமும் எழுதிக் கேளுங்கள். அப்புறம், முடிவுகள் அந்த ஆசிரியர் கைக்கு மட்டும்தான் போகும், தலைமையாசிரியருக்கோ அதிகாரிக்கோ போகாது என்று கடிதத்திலேயே போடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ரெக்கார்டரோடு வரும் நாளெல்லாம் டெமோ கிளாஸ்தான் நடக்கும்.