ரோல் கல்லாகிறதா? கையில் இருக்கும் மாவு டப்பாவைக் கீழே வையுங்கள்

பாஸ்டனுக்கு வெளியே ஒரு சிறிய ஊரில் 26 வருடமாகக் குடியிருக்கிறேன். நவம்பர் பிறந்தால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி தேங்க்ஸ்கிவிங் (நவம்பரில் ஒரு வியாழக்கிழமை வரும் அமெரிக்க நன்றித் திருநாள்) சாப்பாட்டைப் பற்றியவை. அதில் பாதி டின்னர் ரோல் என்ற மெத்தென்ற குட்டி ரொட்டியைப் பற்றியவை. வான்கோழியைக் கெடுத்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை, குழம்பை ஊற்றி மூடிவிடலாம். ரோல் அப்படியில்லை. கையில் எடுத்துப் பிய்க்கும்போதே சாயம் வெளுத்துவிடும்.

கேள்வி: அக்கா, போன வருடம் வீட்டிலேயே ரோல் செய்தேன். குறிப்பில் இருந்தபடி நாலு கப் மாவு போட்டும் கையில் ஒட்டியது. கொஞ்சம் கொஞ்சமாக இன்னும் ஒரு கப் சேர்த்தேன். பார்க்க நன்றாகத்தான் வந்தது. ஆனால் என் கொழுந்தனார் ஒன்றை எடுத்து மேசையில் தட்டிக் காட்டினார். எங்கே தவறு? (வாசகி, டல்லாஸ்)

பதில்: தட்டியதோடு விட்டாரே, நல்ல மனிதர். என் முதல் வருட ரோலைப் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் கடித்தார், வெகுநேரம் மென்றார், தண்ணீர் குடித்தார், பிறகு “சூப்பில் போட்டால் நன்றாக இருக்கும்” என்றார். மறுநாள் காலையில் தன் சமையலறைக்குக் கூப்பிட்டுப் பிசையக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

உங்கள் தவறு உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: “இன்னும் ஒரு கப்.” நமக்கெல்லாம் சப்பாத்திக் கை. மாவு பாத்திரத்தை விட்டுச் சுத்தமாக விலகி உருண்டால்தான் மனம் ஆறும். ரோல் மாவு அப்படி இருக்கக் கூடாது. பரோட்டா மாஸ்டர் எண்ணெய் தடவி அடிக்கும் மாவு இருக்கிறதே, அந்தத் தளர்ச்சி வேண்டும். விரலில் லேசாக ஒட்டும், ஒட்டட்டும்.

இன்னொன்று. கப்பை மாவுக்குள் விட்டு அள்ளினீர்களா? கரண்டியால் அள்ளிப் போட்டு மேலே வழித்துவிட்டால் ஒரு கப் சுமார் 120 கிராம். கப்பாலேயே அமுக்கி அள்ளினால் 150 கிராம் வரை போகும். நாலு கப்புக்கு 120 கிராம் கூடுதல். அதாவது நீங்கள் பயந்து ஒரு கப் சேர்ப்பதற்கு முன்பே ஒரு கப் அதிகமாகத்தான் இருந்திருக்கும். ஒரு சமையல் தராசு வாங்கிவிடுங்கள்.

என் அளவு இது: ஆல் பர்ப்பஸ் மாவு (அமெரிக்க மைதா) 500 கிராம், பால் 260 மில்லி, முட்டை 1, வெண்ணெய் 75 கிராம், சர்க்கரை 50 கிராம், உப்பு 9 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு பாக்கெட் (7 கிராம்). பாலைக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறவைத்து, பிறகு அளந்து ஊற்றுங்கள். பழைய அமெரிக்கக் குறிப்புகளிலும் பாலைக் காய்ச்சச் சொல்வார்கள். பாலில் இருக்கும் ஒருவகைப் புரதம் மாவின் இழுவையைக் கெடுக்கும். பாக்கெட்டில் வரும் பால் ஏற்கெனவே சூடுபடுத்தியதுதான் என்றாலும் அந்தப் புரதம் அடங்கும் அளவுக்கு அந்தச் சூடு போதாது. நம் வீடுகளில் எப்படியும் பொங்கக் காய்ச்சுவோம், அந்தப் பழக்கம் இங்கே கைகொடுக்கிறது.

வெண்ணெய் தவிர எல்லாவற்றையும் கலந்து 20 நிமிடம் சும்மா மூடி வையுங்கள். மாவு ஈரத்தைக் குடித்துக்கொள்ளும், பாதி ஒட்டல் தானாகக் குறையும். பிறகு வெண்ணெயைச் சேர்த்துக் கையால் 12 நிமிடம் பிசையுங்கள். ஒட்டினால் கையில் வெண்ணெய் தடவுங்கள், உலர்ந்த மாவைத் தொடாதீர்கள். ஒரு துண்டைப் பிய்த்து இழுத்தால் கிழியாமல் சவ்வு மாதிரி விரிய வேண்டும். இரண்டு மடங்காக உப்பியதும் 15 உருண்டை பிடித்து, 9க்கு 13 அங்குலத் தட்டில் அடுக்கி, மறுபடி உப்பவிட்டு, 375 டிகிரி பாரன்ஹீட்டில் 20 நிமிடம். எடுத்த கையோடு மேலே வெண்ணெய்.

கேள்வி: மகள் வீட்டில் ஓவன் ஒன்றுதான் இருக்கிறது. காலையிலிருந்து வான்கோழி அதற்குள் உட்கார்ந்துகொள்கிறது. ரோலை எப்போது வைப்பது? (மதுரையிலிருந்து வந்திருக்கும் அம்மா, நியூ ஜெர்சி)

பதில்: வான்கோழி வெளியே வந்ததும் உடனே வெட்டமாட்டார்கள் அம்மா. அலுமினியத் தாள் போர்த்தி அரை மணி, முக்கால் மணி ஆறவிடுவார்கள். உடனே வெட்டினால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும். அந்த நேரம்தான் உங்களுடையது.

மூன்று மணிக்குச் சாப்பாடு என்று வைத்துக்கொள்வோம். புதன்கிழமை இரவே உருண்டை பிடித்துத் தட்டில் அடுக்கி, இறுக்க மூடிப் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். வியாழன் மதியம் பன்னிரண்டரைக்கு வெளியே எடுங்கள். சில்லென்ற மாவு உப்ப ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். இரண்டேகாலுக்கு வான்கோழி வெளியே, ஓவனை 325லிருந்து 375க்கு ஏற்றுங்கள், இரண்டரைக்கு ரோல் உள்ளே. மாப்பிள்ளை கத்தி தேடி முடிப்பதற்குள் ரோல் தயாராகிவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. முட்டையை விட்டுவிட்டால் வறண்டு போகுமா? (வாசகி, சன்னிவேல்)

பதில்: போகாது. 100 கிராம் உருளைக்கிழங்கை வேகவைத்துக் கட்டியில்லாமல் மசித்துச் சேருங்கள், பாலை 230 மில்லியாகக் குறையுங்கள். கிழங்கு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சொல்லப்போனால் எனக்கு முட்டை ரோலைவிட இதுதான் பிடிக்கும். மறுநாளும் மெத்தென்று இருக்கும். மிஞ்சியதைப் பிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், அந்தக் குளிரில்தான் ரொட்டி சீக்கிரம் விறைக்கும். ஒரு நாளுக்கு மூடிய டப்பாவில் வெளியே, அதற்கு மேல் என்றால் ஃப்ரீசர்.

கேள்வி: வீட்டில் ஹீட்டர் 68 டிகிரி பாரன்ஹீட்தான். இரண்டு மணி நேரமாகியும் மாவு அப்படியே கிடக்கிறது. (வாசகர், சிகாகோ)

பதில்: அவசரம் இல்லையென்றால் அப்படியே விடுங்கள், மெதுவாக உப்பும் மாவுக்கு ருசி அதிகம். அவசரம் என்றால் ஓவனை ஏற்றாமல் உள்ளே விளக்கை மட்டும் போட்டு, பக்கத்தில் ஒரு குவளை கொதிநீரோடு மாவை உள்ளே வையுங்கள். கையோடு ஓவன் பித்தானின் மேல் ஒரு காகிதம் ஒட்டிவிடுங்கள். ஒரு வருடம் நான் ஒட்டவில்லை. என் மகன் பீட்ஸா சுட ஓவனை 425க்கு ஏற்றிவிட்டான். பிளாஸ்டிக் தாள் உருகி மாவோடு ஒன்றாகிவிட்டது. வீட்டு வாடை போக மூன்று நாளாயிற்று, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, நவம்பரில்!

கேள்வி: பார்க்கர் ஹவுஸ் ரோல் என்கிறார்களே, அது வேறா? (வாசகி, அட்லாண்டா)

பதில்: மாவு கிட்டத்தட்ட இதேதான், மடிப்பு வேறு. வட்டமாகத் தட்டி, உருக்கிய வெண்ணெய் தடவி, மேல்பாதி சற்றே நீட்டிக்கொண்டு நிற்கும்படி இரண்டாக மடிப்பார்கள். பாஸ்டனில் 1855இல் தொடங்கிய பார்க்கர் ஹவுஸ் ஹோட்டலில் 1870களில் பிறந்த ரோல். வியட்நாம் தலைவர் ஹோ சி மின் இளம் வயதில் அங்கே ரொட்டி சுட்டார் என்று ஹோட்டலில் பெருமையாகச் சொல்வார்கள். விருந்தாளி பத்துப் பேருக்கு மேல் என்றால் இந்த மடிப்பு வேலைக்குப் போகாதீர்கள், உருண்டையே போதும்.

கேள்வி: கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாட்டுக்குக் கோழிக்குழம்போடு வைக்க ஆசை. என்னிடம் சின்ன ஓடிஜி ஓவன், கடை மைதா. வருமா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: தாராளமாக வரும். நம்மூர் மைதா அவ்வளவு ஈரம் குடிக்காது, அதனால் பாலில் 30 மில்லியை நிறுத்தி வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் மட்டும் சேருங்கள். உங்கள் ஊர் சூட்டில் மாவு முக்கால் மணியிலேயே இரட்டிப்பாகலாம். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள். மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் போட்டு 180 டிகிரி செல்சியஸ், நடுத்தட்டு. மேலே சீக்கிரம் சிவந்தால் அலுமினியத் தாளைப் போர்த்துங்கள். பதினைந்தும் ஒரே தட்டில் கொள்ளாது. பாதியைப் பிரிட்ஜில் வைத்துவிட்டு, முதல் தட்டு உள்ளே போவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து உப்பவிடுங்கள். முதல் தட்டைப் பிள்ளைகள் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் மேசைக்கு இரண்டாவது தட்டு மட்டும்தான் வந்து சேரும்.