ஃபுட்சால், பீச் சாக்கர்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: ஒரே ஆள் ஃபுட்சால், பீச் சாக்கர் இரண்டையும் தொழிலாக ஆட முடியுமா?

முடியும், ஆடுகிறார்கள். ஃபுட்சால் என்பது கெட்டித் தளத்தில் ஆடும் சிறு கால்பந்து; பீச் சாக்கர் மணலில் ஆடுவது. ஆனால் 'இரண்டிலும் பக்கத்துக்கு ஐந்து பேர்தானே' என்று நினைத்து இறங்கினால் மணல் காலை வாரிவிடும். ஃபுட்சால் பந்து அதிகம் துள்ளாது. 40க்கு 20 மீட்டர் தளத்தில் உள்ளங்காலால் பந்தை அமுக்கி இழுத்தே பாதி ஆட்டம் ஓடும். மணலில் பந்து நேராக உருளாது. அதனால் வெறுங்காலால் கிளப்பி, காற்றிலேயே கொடுத்து வாங்க வேண்டும். அங்கே சைக்கிள் கிக், அதாவது பின்னால் சாய்ந்து தலைக்கு மேலே பந்தை உதைப்பது, படம் காட்ட அல்ல; முதுகுக்குப் பின்னால் கோல் இருக்கும்போது அதுதான் குறுக்குவழி. 12 நிமிடமாக மூன்று பகுதி. கேட்கச் சுலபம், ஆடினால் தொடை எரியும்.

கேள்வி: வெளிநாட்டு கிளப்புக்குப் போகிறவர் மொழி கற்க வேண்டும் என்கிறார்களே, பந்து உதைக்க மொழி எதற்கு?

நல்ல கேள்வி. போர்ச்சுகலின் ஃபுட்சால் வீரர் ரிக்கார்டினோ 2010இல் பென்ஃபிகா கிளப்போடு ஐரோப்பியக் கோப்பையை வென்ற கையோடு ஜப்பானின் நகோயா ஓஷன்ஸ் கிளப்புக்குப் போனார். அப்புறம் மாஸ்கோ, ஸ்பெயினில் ஏழு வருடம், பிரான்ஸ், இந்தோனேசியா. ஃபுட்சாலில் பக்கக்கோட்டிலிருந்து பந்தை உள்ளே உதைக்க 4 வினாடிதான் தருவார்கள். அதற்குள் மொழிபெயர்ப்பாளரைத் தேட முடியுமா? 'பின்னால் ஆள்', 'விடு', 'திரும்பு' எல்லாம் சக வீரரின் மொழியில் வாயில் வர வேண்டும்.

பீச் சாக்கரில் இது இன்னும் அவசியம். கிளப் போட்டி சில நாளில் முடிந்துவிடும், பல நாட்டு வீரர்கள் கடைசி நேரத்தில் வந்து சேர்வார்கள். போர்ச்சுகீசும் ஸ்பானிஷும் தெரிந்தால் பெரும்பாலான இடங்களில் சமாளிக்கலாம். ரியோவில் பிறந்த ஓசு மொரெய்ரா ஜப்பான் குடிமகனாகி, 2019 பராகுவே உலகக் கோப்பையில் தங்கப் பந்து, அதாவது சிறந்த வீரர் விருது, வாங்கினார். மொழியோடு ஒட்டிக்கொண்டவர்கள் நிலைக்கிறார்கள்.

இன்னொன்று: ஒப்பந்தத்தைப் புரிகிற மொழியில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: சம்பளம் எவ்வளவு வரும்?

நாட்டுக்கு நாடு, கிளப்புக்கு கிளப் மாறும். பீச் சாக்கரை மட்டும் நம்பி வருடம் முழுக்கச் சாப்பிடுகிறவர்கள் குறைவு.

கேள்வி: ட்ரையலுக்கு ஏஜென்ட் பணம் கேட்கிறார்.

கட்டாதீர்கள். உங்களை வேண்டும் என்கிற கிளப் உங்களிடம் காசு கேட்காது.

கேள்வி: சுற்றிச் சுவர் வைத்து ஆடுவதும் ஃபுட்சால்தானே?

இல்லை, அது அமெரிக்க இண்டோர் சாக்கர். சுவரில் பட்ட பந்து அங்கே ஆட்டத்தில்தான் இருக்கும்.

கேள்வி: முட்டி வலி. மணலில் ஆடலாமா?

டாக்டரைக் கேளுங்கள்.

கேள்வி: ரிக்கார்டினோவா? 2016இல் இந்தியாவில் நடந்த பிரீமியர் ஃபுட்சால் போட்டியில் சென்னை அணிக்கு ஆடிய பிரேசிலின் ஃபால்காவோவை மறந்துவிட்டீர்களே!

மறக்கவில்லை. 2004, 2008 உலகக் கோப்பைகளின் தங்கப் பந்து அவருடையது. ஆனால் அவரைச் சுற்றி இருந்தது பிரேசில். போர்ச்சுகல் 2018 வரை பெரிய கோப்பை எதையும் தொட்டதில்லை. யார் சிறந்தவர் என்றால் என் ஓட்டு ரிக்கார்டினோவுக்கு.

கேள்வி: 2018 ஐரோப்பிய இறுதியில் வெற்றி கோல் அடித்தது புரூனோ கோயெல்யோ. உங்கள் ஆள் காயம்பட்டு வெளியே இருந்தார்!

முதல் நிமிடத்திலேயே கோல் அடித்தது யார்? கூடுதல் நேரம் வரை இழுத்து வந்தது யார்? 2021இல் நீண்ட காயத்திலிருந்து மீண்டு வந்து உலகக் கோப்பையையும் தங்கப் பந்தையும் சேர்த்து வாங்கினாரே, அதற்கு என்ன சொல்வீர்கள்?

கேள்வி: ஃபால்காவோ மாதிரி வித்தை காட்ட இவரால் முடியாது.

வித்தையில் இருவரும் சளைத்தவர்கள் இல்லை. நீங்கள் ரசிகர் மன்றமே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

கேள்வி: சம்பளம் பற்றி...

மேலே இருக்கிறது.

கேள்வி: பீச் சாக்கரில் மாதம் எவ்வளவு, சார்?

மேலே. மேலே.

கேள்வி: ஏஜென்ட் பாதிப் பணம் போதும் என்கிறார்.

பாதியும் வேண்டாம்.