எந்தச் சங்கிலி முதன்மைச் சங்கிலி?

கேள்வி: நேர்வரிசையில் நான்கு கார்பன்கள் இருக்க, இரண்டாவது கார்பனிலிருந்து இரு கார்பன்கள் கீழ்நோக்கிக் கிளைத்திருந்த ஹைட்ரோகார்பனுக்கு ‘2-எத்தில்பியூட்டேன்’ என்று எழுதினேன். ஆசிரியர் தவறென்று அடித்துவிட்டார். ஆனால் ‘2-எத்தில்பியூட்டன்-1-ஆல்’ சரியான பெயர்தான் என்கிறார். இது எப்படிப் பொருந்தும்?
– பிளஸ் ஒன் மாணவி, தஞ்சாவூர்

பதில்: நல்ல கேள்வி. இவ்விரு சேர்மங்களின் கார்பன் கட்டமைப்பும் ஒன்றேதான் என்பதால் குழப்பம் எழுவது இயல்பே.

ஹைட்ரோகார்பனுக்குப் பெயரிடும்போது, மிக நீளமான கார்பன் சங்கிலியையே பெயருக்கு அடிப்படையான முதன்மைச் சங்கிலியாகக் கொள்கிறோம். ஆனால் அமைப்பு வாய்பாட்டில் நேர்கோடாகத் தெரியும் சங்கிலியே நீளமானது என்று கொள்ளக் கூடாது; எழுதுவதற்கு வசதியாகவே அதை நேராக வரைகிறோம். கிளையின் நுனியில் விரலை வைத்து எண்ணிப் பாருங்கள். கிளையில் இரண்டு, கிளை பிரியும் இடத்தில் ஒன்று, அதற்கு வலப்புறம் இரண்டு என ஐந்து கார்பன்கள் தொடர்ச்சியாக வருகின்றன. இடப்புறம் எஞ்சும் ஒற்றைக் கார்பன் மெத்தில் தொகுதியாகிறது. எனவே சரியான பெயர் 3-மெத்தில்பென்டேன். பொதுவாகவே, வினைச்செயல் தொகுதி (ஹைட்ராக்சில் போன்ற, சேர்மத்தின் தன்மையைத் தீர்மானிக்கும் அணுத்தொகுதி) இல்லாத திறந்த சங்கிலி அல்கேனுக்கு ‘2-எத்தில்’ என்று எழுத நேர்ந்தால், நீளமான சங்கிலியைத் தவறவிட்டுவிட்டோம் என்று உறுதியாகக் கொள்ளலாம்.

இப்போது, எஞ்சிய அந்த மெத்தில் கார்பனிலுள்ள ஒரு ஹைட்ரஜனுக்குப் பதிலாக ஹைட்ராக்சில் (–OH) தொகுதியை இணையுங்கள். நீளமான சங்கிலியை ஆதாரமாகக் கொள்ளும் முறை 1892-ஆம் ஆண்டு ஜெனீவா பெயரிடல் விதிகளிலேயே உண்டு என்றாலும், பன்னாட்டு வேதியியல் அமைப்பான ஐயுபிஏசியின் இன்றைய முறையில் ‘ஆல்’ என்ற பின்னொட்டைத் தரும் தொகுதி இணைந்துள்ள சங்கிலியைத் தேர்ந்தெடுத்த பிறகே நீளத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து கார்பன் சங்கிலியில் ஹைட்ராக்சில் ஏந்திய கார்பன் இடம்பெறவில்லை. அதை உள்ளடக்கிய மிக நீண்ட சங்கிலியில் நான்கு கார்பன்களே உள்ளன. ஆகவே அது 2-எத்தில்பியூட்டன்-1-ஆல். ஹைட்ராக்சில் ஏந்திய அந்தக் கார்பனுக்குப் பதிலாகக் கார்பாக்சிலிக் அமிலத் தொகுதி (–COOH) இருந்தாலும் இவ்வாறே 2-எத்தில்பியூட்டனாயிக் அமிலம் என்றாகும். அமிலத் தொகுதியின் கார்பனையும் முதல் கார்பனாகச் சேர்த்து எண்ண மறந்துவிடாதீர்கள்.

எண்ணிடுவதிலும் பின்னொட்டுக்கே முன்னுரிமை. ஐந்து கார்பன் சங்கிலியில், ஒரு முனையிலிருந்து இரண்டாவது கார்பனில் மெத்திலும், மறுமுனையிலிருந்து இரண்டாவது கார்பனில் ஹைட்ராக்சிலும் இருந்தால், எப்பக்கம் எண்ணினாலும் 2, 4 என்றே வரும். ஹைட்ராக்சிலுக்குச் சிறிய எண் கிடைக்கும்படி எண்ணி, அதை 4-மெத்தில்பென்டன்-2-ஆல் என்று எழுத வேண்டும்.